மாதா காலடியில் ஒரு மாத்திரை அட்டை

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினாவுக்குப் புதுநன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது. தலையில் வைக்கப் பூமுடியும் வந்துவிட்டது. கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டிய அப்பாவுக்குத்தான் நிற்கவே முடியவில்லை!

பாவம், அவர் என்ன செய்வார்? நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, போன வாரம்தான் தங்கச்சிமடம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். ஆடும் படகில் நின்று வலை இழுத்த டேவிட்ராஜ், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"தரை ஆடுது பாப்பா. படகே தேவலாம் போல!" என்று சிரித்தார். கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பே வரவில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸ் கோகிலா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுக்கே போய், மருந்துகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அப்பாவுக்குப் பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ரொம்பக் கம்மியா இருக்கே அண்ணே! அக்கா, வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்க."

அம்மா யாகப்பம்மாள் ஆஸ்பத்திரிப் பையைக் கொண்டுவந்து கொட்டினார். கோகிலா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. வேற ஏதும் குடுக்குறீங்களா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர்."

"அப்ப மறுபடி ஆஸ்பத்திரியில சேக்கத்தான் வேணும்."

கிறிஸ்டினாவுக்குத் திக்கென்றது. அப்பா இல்லாமல் புதுநன்மையா? அவருக்கு எப்போது தலை சுற்றுகிறது என்று யோசித்தாள். காலை ஜெபம் முடிந்த கொஞ்ச நேரத்தில். ஜெபம் முடிந்ததும் அம்மா...

ஓடிப்போய், மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள்.

"ஏய்! அது மருந்து இல்லடி. மாதா குடுத்தது!" என்று அம்மா பதறினார்.

அது அப்பாவின் பழைய பிரஷர் மாத்திரை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மிச்சமிருந்த அட்டையை மாதா காலடியில் வைத்து அம்மா அழுது வேண்டினார். அப்பா பிழைத்து வந்தார். அப்புறம் அது அம்மாவுக்கு மருந்தாகவே தெரியவில்லை. தினமும் ஜெபம் முடிந்ததும் ஒன்று கொடுத்துவிடுவார்.

கோகிலா அதையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரை அட்டையையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டும் ஒரே மருந்துதான். கம்பெனிதான் வேற. அண்ணன் தினமும் ரெட்டிப்பா சாப்பிட்டிருக்காரு!"

உடனே டாக்டருக்குப் போன் போட்டார். இப்போதைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம், பழையதை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் மறுபடி பிரஷர் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அம்மா உடைந்துவிட்டார். "என் கையாலயே குடுத்துட்டேனே..."

கிறிஸ்டினா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா நல்லா இருக்கணும்னுதானம்மா குடுத்த. அழாதம்மா."

"ஆனா, மாதா காலடியில வச்சத எப்படிடி குப்பையில போடுறது?"

கிறிஸ்டினா புது மாத்திரை அட்டையை எடுத்துப்போய் மாதா காலடியில் வைத்தாள்.

"குப்பையில எதுக்குப் போடணும்? பழச சிஸ்டர் கொண்டுபோகட்டும். இனிமே இத இங்கன வைப்போம். ஜெபம் முடிஞ்சதும் இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் குடு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதாவைப் பார்த்தார். பிறகு பழைய அட்டையைத் தானே கோகிலாவிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் கோகிலா பார்த்தபோது பிரஷர் சரியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. வெள்ளை வேட்டியில் அப்பா வாசலில் நின்றார், சுவரைப் பிடிக்காமல்!

"என் கையப் பிடிச்சுக்கப்பா," என்றாள் கிறிஸ்டினா.

"எதுக்கு? இப்பத்தான் தரை ஆடலையே!"

"எனக்குத்தான் பயமா இருக்குப்பா."

அப்பா சிரித்துக்கொண்டே அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.