முறுக்கு டின்னுக்குள் ஒரு பேசிப்பெட்டி

மணிபிளான்ட்டுக்கு ஊற்றிய தண்ணீர் பேசிப்பெட்டிக்குள் இறங்கிப் புகைந்தபோது, பெட்டியின் தலையில் தொட்டியை வைத்த அறிவாளி யார் என்று குமரகுரு சுற்றிலும் பார்த்தார். வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

பழைய சுருள்கம்பித் தொலைபேசியை இணையத்தோடு சேர்க்கும் பெட்டி அது. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் அவரும் ஹெப்சிபாவும் ஒரே ஆய்வகத்தில் செய்த முதல் மாதிரி, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். முழுக்கக் கம்பி. அதற்குள்ளேயே வளிவலையையும், அதாவது வைஃபையையும், வைத்துவிடலாமா என்று அப்போது மூன்று மாதம் சண்டை.

"குரல் போறதுக்கு ஒரு கம்பி போதும் சார். காத்துல கதவைத் திறந்து வெச்சா..." என்று ஹெப்சிபா தொடங்கியபோது குமரகுரு குறுக்கே புகுந்தார். ஜெயித்தும் தொலைத்தார். அதன்பின் வந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் வளிவலை.

திறந்த கதவு வழியாகப் பதிலி வந்தது. வீட்டு வளிவலையில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்காரரின் குரலில், அவரைவிட நயமாகப் பேசும் நிரல். இப்போது பதிலிகள்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. மாலையில் சுருக்கம் வரும்: "அத்தை நலம். நீங்களும் நலம் என்று சொல்லிவிட்டேன்."

அந்த இரண்டு கம்பிப் பெட்டிகளில் மட்டும், சனிக்கிழமை நான்கு மணிக்கு, இரண்டு மனிதர்கள் பேசிவந்தார்கள். பதினோரு மாதமாகக் குமரகுரு ஒரே கேள்வியைக் கேட்டார்: தாம்பரத்தில் தனியாக இருக்கும் ஹெப்சிபா, பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் தன்னோடு வந்து இருந்துவிடுவாரா? "பார்க்கலாம் சார்" என்பார் அவர்.

கடையில் வளிவலை இல்லாத பெட்டி இல்லை.

"அப்படியும் ஒண்ணு இருந்துச்சா? எந்தப் புண்ணியவான் அதை நிறுத்தினான்?" என்றார் கடைக்கார அம்மா.

"நான்தாம்மா."

புதுப்பெட்டியை மாட்டினார். மூன்று சனிக்கிழமை மணியே அடிக்கவில்லை. ஹெப்சிபாவுக்குக் கோபம்போல என்று நினைத்துக்கொண்டார். நான்காவது சனிக்கிழமை தானே கூப்பிடலாம் என்று ரிசீவரை எடுத்தால், உள்ளே அவருடைய சொந்தக் குரலே பேசிக்கொண்டிருந்தது.

"முழுசா சொல்லுங்க மேடம். கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

சமையலறைக்கு ஓடி முறுக்கு டின்னை எடுத்து வந்தார். பெட்டியை உள்ளே திணித்து, கம்பிகளை மட்டும் இடுக்கில் விட்டு மூடினார். தகரத்தைத் தாண்டி வளிவலை நுழைய முடியாமல், பதிலி பாதிச் சொல்லில் நின்றது.

"மேடம்! நான்தான்! அது பெட்டி, முறுக்கு டின்ல அடைச்சுட்டேன், இவ்வளவு நாளா அது..."

"தெரியும் சார்."

"எப்படித் தெரி..."

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துச்சே. நீங்க என்னைக்குக் காத்திருந்தீங்க?"

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"நல்லாக் கேட்டுச்சு சார். நம்ம லேப்ல மழை ஒழுகினது, ஒரே குடையை எல்லா மெஷினுக்கும் மாத்தி மாத்திப் பிடிச்சது, நீங்க ஈயம் பத்தவைக்கிற சூட்டுக்கோலைத் தப்பான பக்கம் பிடிச்சது. இதெல்லாம் நான் வேற யார்கிட்ட சொல்ல?"

அது கோலின் குற்றம் என்று விளக்கக் குமரகுரு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சுருள்கம்பியை விரலில் சுற்றியபடி காத்திருந்தார். டின்னிலிருந்து பழைய எள் வாசனை வந்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் அவர் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"வர்றேன் சார்," என்றார் ஹெப்சிபா. "ஆனா அந்த டின்னை என் கைக்கு எட்டுற இடத்துல வைங்க. குறுக்க பேசினீங்கன்னா, மூடியைத் திறந்துடுவேன்."