தணிகைவேலின் நிகரி

தணிகைவேலின் நிகரி எட்டாவது முறையும் தேர்வறையை விட்டு எழுந்து போய்விட்டது.

"சரியா அரை மணி, சார்," என்றார் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கோமளவல்லி, திரையைப் பார்த்தபடி. "பேர் எழுதுது, பதிவெண் எழுதுது, ரெண்டு மார்க் கேள்வியில மூணு எழுதுது. அப்புறம் எழுந்து போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அது எங்கே போகிறது என்று தணிகைவேலுக்குத் தெரியும். கல்லூரிக்கு எதிரே அப்போதிருந்த தியேட்டருக்கு, பகல் காட்சிக்கு. பத்தொன்பது வருடங்களுக்கு முன், முதல் பருவத் தேர்வில், அரை மணிக்கு முன்னால் யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்பதால் மட்டுமே அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். ஏழு தாளில் ஆறு அரியர். அப்புறம் ராணுவம்.

அவர் கல்லூரியில் சேர்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் நிகரி வந்திருந்தது. மாணவர் முதல் பருவத் தேர்வை மட்டும் மேசைத் திரையில் தன் கையால் எழுதுவார்; அதைக் கணினியே திருத்திவிடும். எப்படி யோசிக்கிறார், எங்கே தயங்குகிறார், எப்போது அலுத்துப்போகிறார் என்று எல்லாவற்றையும் மேசைக்குள் இருக்கும் உணரிகள் பதிந்துகொள்ளும். அதைக்கொண்டு அவருக்கு நிகரான ஒரு மூளைப் பிரதியைக் கணினி உண்டாக்கும். மிச்சமுள்ள ஏழு பருவங்களையும் அந்த நிகரி கணினிக்குள்ளேயே, நம் கடிகாரக் கணக்கில் நாற்பது நிமிடத்தில், படித்து, எழுதி, மதிப்பெண்ணையும் வாங்கிக் கொடுத்துவிடும். வினாத்தாள் கசிவு இல்லை, பிட் இல்லை, பறக்கும் படை இல்லை. பெற்றோருக்கு ஏக சந்தோஷம். திருத்துவதற்குத் தாள் இல்லாமல் போன பழைய ஆசிரியர்களைச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒருவருக்கு ஒரே ஒரு நிகரிதான். இரண்டாவது கொடுத்தால் நல்லது வரும்வரை ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் என்று சட்டமே போட்டிருந்தார்கள்.

"மேடம், அந்தப் பையனுக்கு வயசு பதினெட்டு. எனக்கு முப்பத்தேழு. பதினேழு வருஷம் பனியில பாலம் கட்டிட்டு வந்திருக்கேன். எனக்குப் பதிலா அவன் ஏன் எழுதணும்?"

"அவனும் நீங்கதானே, சார்?"

"நான்தான். இல்லேன்னு சொல்லல. அதுக்காக அவன் பண்ணதுக்கு நான் சாகுற வரைக்கும் ஃபெயில் ஆகிட்டே இருக்க முடியாது."

கோமளவல்லி கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தி, "படைவீரர் சலுகையில ஒரு கௌரவச் சான்றிதழ் தரலாம். ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம், அழகா இருக்கும்," என்றார்.

"அதை வச்சு பாலத்துக்குக் கையெழுத்து போட முடியுமா?"

"அது முடியாது."

"அப்ப வேணாம்."

அவருக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதான். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மலையோடையில் இரும்புப் பாலம் போட்டார்கள். கரை மண் தாங்காது என்று ஹவில்தார் தணிகைவேல் சொன்னார். நிகரியால் பட்டம் வாங்கிய இளம் அதிகாரி கணினி வரைபடத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் பாலம் சரிந்தது. லாரியோடு போனவன் பாஸ்கரய்யா, தணிகைவேலோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். பட்டமில்லாதவன் பேச்சு எவர் காதிலும் ஏறாது என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ராணுவத்தில் எந்த ஆணையையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுகிற பழக்கம் வந்திருந்தது. பல்கலைக்கழக விதித்தொகுப்பை வாங்கி மூன்று நாள் படித்தார். பதினான்காம் விதி: விரும்பும் மாணவர் எந்தத் தாளையும், எந்த வரிசையிலும், தன் கையாலேயே எழுதலாம். இப்படி விரும்பக்கூடிய பைத்தியம் பிறக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் அதை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

இருப்பதிலேயே கடினமான பாலப் பொறியியல் தாளைத்தான் முதலில் கேட்டார். கிடங்கிலிருந்து ஒரு பெஞ்சு வந்தது. அரக்கு முத்திரை வைத்த பழைய வினாத்தாள் கட்டுகளும் வந்தன. வேடிக்கை பார்க்கத் துறைத்தலைவர் ஞானசிகாமணியும் வந்தார். முப்பத்து மூன்று வயது, தங்கப் பதக்கம். பதக்கம் வாங்கியது அவருடைய நிகரி.

"மூணு மணி நேரம், யாருமே இல்லாம, நீங்களே எழுதணும். பயமா இல்லையா?" என்றார் அவர்.

"எழுதத் தெரிஞ்சா என்ன சார் பயம்?"

அரை மணி அடித்தது. ஞானசிகாமணியும் கோமளவல்லியும் தங்களை அறியாமல் வாசலைப் பார்த்தார்கள். தணிகைவேல் தலை நிமிராமல் கையை மட்டும் தூக்கினார். "அடிஷனல் ஷீட், மேடம்."

அந்த வார்த்தைகளைக் கேட்டு கோமளவல்லிக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் மறுநாள்தான் தெரிந்தது. பதினான்காம் விதிக்கு அடுத்த பக்கத்தில் ஒரு துணைவிதி இருந்தது. கையால் எழுதிய விடைத்தாளை, அதே பாடத்தைத் தன் கையால் எழுதிய ஆசிரியர்தான் திருத்த வேண்டும். கோமளவல்லி இருநூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களின் பட்டியலையும் அலசினார். ஒருவர்கூட இல்லை. தன் கையால் எழுதிப் பட்டம் வாங்கியவர் அந்த வளாகத்தில் கோமளவல்லி ஒருவரே, அதுவும் வணிகவியலில்.

"முடிவு நிறுத்திவைப்பு, சார். மன்னிச்சுக்கோங்க."

"எத்தனை நாளைக்கு?"

"யாராவது ஒரு வாத்தியார் எழுதுற வரைக்கும்."

தணிகைவேல் முடிவு கேட்க வந்திருந்த ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினார். "எழுதுங்க, சார்."

"நானா? நான் கோல்டு மெடலிஸ்ட்."

"அப்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?"

ஞானசிகாமணி மறுத்துவிட்டார். தணிகைவேல் விடவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குத் தேய்த்த சட்டையோடு வந்து துறைத்தலைவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேட்டவர்களிடம், "சார் பரீட்சை எழுதக் காத்திருக்கேன்," என்றார். இரண்டாவது வாரம் ஒரு மாணவி நேராகவே கேட்டுவிட்டாள்: "நீங்க எழுதினா எவ்வளவு வரும், சார்?" மூன்றாவது வாரம் ஞானசிகாமணி ஒத்துக்கொண்டார்.

அதே பெஞ்சு. கட்டிலிருந்து வேறொரு வினாத்தாள். கோமளவல்லி கண்காணித்தார். தணிகைவேல் ஜன்னலோரம் நின்றார். இந்த மனிதர் திணறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

ஞானசிகாமணி சிறு கேள்விகளை எப்படியோ முடித்தார். பதினாறாம் கேள்வியில் பேனா நின்றது. வெள்ளம் வரும்போது பாலத் தூணின் அடிமண் எவ்வளவு ஆழம் அரிக்கப்படும் என்பதைக் கணக்கிடுக. ஒரு மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பாலம் கட்டுறவங்க வந்து கேட்டா, இதுக்கு எப்பவும் கணினியே விடை கொடுத்துடும்," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "சரிபார்த்தேன்னு நான் கையெழுத்து போடுவேன். அவ்வளவுதான்."

சிரிக்கத் தயாராக இருந்த தணிகைவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலை விட்டு பெஞ்சருகே வந்தார்.

"கையெழுத்து போடுவீங்களா? எத்தனை பாலத்துக்கு, சார்?"

"பதினொண்ணு."

"எங்கெங்க?"

ஞானசிகாமணி விடைத்தாளைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். அன்று அவர் தயங்காமல் எழுதியது அது ஒன்றைத்தான். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், ஆண்டு. வெளியே வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு நாளாகியிருந்தது. ஏழாவது பெயரை எழுதும்போது கோமளவல்லி குனிந்து பார்த்தார்.

"ஐயோ, நம்ம காலேஜ் பஸ் எல்லாம் சாயங்காலம் அது மேலதானே போகும்?"

"வண்டி எதையும் வெளிய விடாதீங்க, மேடம். நான் போய் அடிமண்ணைப் பார்த்துட்டு வரேன்," என்றார் தணிகைவேல்.

"நீங்க எப்படி, சார்? உங்க ரிசல்ட் இன்னும் நிறுத்திவைப்புல இருக்கே!" பழக்க தோஷத்தில் கோமளவல்லி கேட்டுவிட்டார்.

"அது பாட்டுக்கு நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் மழையில் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, குடைகூட எடுக்காமல், ஞானசிகாமணியும் அவர் பின்னால் ஓடினார்.