வீட்டில் எத்தனை பேர்

“...ஒரு நாள்தான்டி. அரக்கோணத்துல உங்க அக்கா வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வந்துடு. உன் கர்த்தர் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு!”

“நான் எங்கயும் போவல. கேட்டா மறைக்க மாட்டேன். அவ்ளோதான்.”

“அப்போ பொண்ணோட டாக்டர் சீட்டு போவட்டும்! நீயும் அவளும் ஷூ கம்பெனியில பக்கத்துப் பக்கத்து மிஷின்ல குந்திக்கினு தைங்க!”

நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த வேதவசனப் பலகையைக் கழற்றிய எழிலரசியின் கணவன் நந்தகோபாலுக்கு மூச்சு இரைத்தது. இருபது வருடம் ஆம்பூரில் தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்ற நெஞ்சு அது. நான்கு வருடத்துக்கு முன் டாக்டர்கள் கைவிரித்தபோது, எழிலரசி அவன் கட்டிலடியில் மண்டியிட்டுக் கர்த்தரிடம் அழுதாள். அவன் பிழைத்து வீடு திரும்பியதும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அவனும் மகள் பூர்ணிமாவும் எடுக்கவில்லை. ஆனாலும் தினமும் மூன்று பேரும் சேர்ந்தே ஜெபித்தார்கள்.

இப்போது யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள்... இது கிறிஸ்தவக் குடும்பம், மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது என்று. சான்றிதழ் போனால் பூர்ணிமாவுக்குக் கிடைத்த மருத்துவக் கல்லூரி இடமும் போகும். இன்று விசாரிக்க வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வருகிறார்.

“நீயாவது சொல்லேன்டி உங்கம்மாவுக்கு!”

பூர்ணிமா தலை நிமிரவில்லை. “ஒரு நாளைக்குத்தானேம்மா...”

எழிலரசி சமையல்கட்டுக்குள் போனாள். போகலாம், ரயில் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது இந்த வீட்டுக்குள் யாராக நுழைவது?

வாசலில் பைக் நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் கோப்புடன் வந்து உட்கார்ந்தார்.

“வீட்ல எத்தினி பேரு?”

“ரெண்டு பேரு சார். நானு, பொண்ணு.”

“சம்சாரம்?”

“வுட்டுட்டுப் போய்ட்டா சார்...”

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தில் சொம்போடு வெளியே வந்த எழிலரசியின் காதில் அது விழுந்தது.

“இவங்க யாரு?”

நந்தகோபால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “வேலைக்கு வர்ற அம்மா சார்.”

அவள் கையிலிருந்த சொம்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் ரத்தவாந்தியை ஏந்திய கை அது!

“சார்... அது எங்கம்மா!”

“பூர்ணி!”

“இன்னாப்பா நீ! படுத்த படுக்கையா கெடந்தப்போ உனக்குப் பீ மூத்திரம் அள்ளுனது வேலைக்காரியா? எனக்கு சீட்டு வேணும்ப்பா... அதுக்காகப் பெத்தவள இல்லன்னு சொல்றதா!” ஓடி வந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “காலைல நானும் உன்னப் போவச் சொன்னேனேம்மா... மன்னிச்சிடும்மா...”

நந்தகோபால் அப்படியே தரையில் உட்கார்ந்தான். “பொண்ணு படிக்கணும்னு... வாய்ல வந்துடுச்சி எழிலு...” அவன் தோள்கள் குலுங்கின. மகளை ஒரு கையால் அணைத்தபடி, மறு கையை அவன் தலைமேல் வைத்தாள் எழிலரசி.

ஆர்.ஐ. மூவரையும் பார்த்தார். மூடிய பேனாவை மறுபடி திறந்து, எழிலரசியின் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் பொண்ணுங்க இருக்குதுங்கம்மா. வீட்ட சோதனை போடல, அக்கம்பக்கத்துல கேக்கல. சர்ச்சுக்குப் போற பழக்கம் இல்லன்னு ஒரு வார்த்தை... உங்க வாயால சொன்னாப் போதும். அப்படியே எழுதிக்கினு போய்ட்றேன். சொல்லுங்கம்மா...”