இடம் மாறிய தலைசுற்றல்

இன்பமணி டீச்சர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று மாதமாகியும் வாசல்வரை வர அவளுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வெளியே, அவள் வரச்சொல்லியிருந்தபடி, மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற சுடலைக்கண்ணுவும், அவரிடம் குமாஸ்தாவாக இருந்த முத்துமாலையும் நின்றார்கள்.

"மாத்திரையத் திருடுனது யாருன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. போலீசுக்குப் போவணும்னு இவுக சொல்லுதாவ. எனக்குத்தான் மனசு வரல," என்றாள் இன்பமணி, உள்ளே இருந்த கணவரைக் காட்டி.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவள் கணவர் தேவசிகாமணி அந்த வாரத்துக்கான அவளுடைய மாத்திரைகளைப் பிதுக்கி, நாளுக்கொரு அறை உள்ள டப்பாவில் போட்டு வைப்பார். வலி மாத்திரை இருக்கவேண்டிய அறைகளில் கிடந்தவை கால்சியம் மாத்திரைகள் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். பழி ஷரீபா பீவிமேல் விழுந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்த அறுபது வயதுக்காரி. இன்பமணியைத் தோள்பிடித்து மறுபடி நடக்கவைத்தவள். ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள் அவளை அனுப்பிவிட்டார்கள்.

"அவளை நிறுத்துன அன்னைக்கு மத்தியானம் நானே பாத்தேன்," என்றார் தேவசிகாமணி, நாற்காலியில் சாய்ந்தபடி. "அடுக்களையில நின்னு மாத்திரைய வாயில போட்டுத் தண்ணி குடிச்சா." சொல்லிவிட்டு அவரும் தண்ணீர் குடித்தார். கண் சொருகியது.

முத்துமாலை துள்ளினார். "கண்ணால பாத்த சாட்சி அண்ணாச்சி! மேலப்பாளையத்துக்கு வண்டிய விடுவமா?"

"பைய வே. பெருநாள் பிரியாணி மிச்சமிருக்கும்னு பாக்கீரா?" சுடலைக்கண்ணு இன்பமணியிடம் திரும்பினார். "மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன செய்யும் டீச்சர்?"

"மொத ரெண்டு மாசம் நரகம். தலை சுத்தும், நாக்கு வறண்டுபோவும், வெளிக்கும் போவாது. எந்நேரமும் தூக்கம். மூணு வாரமா அதெல்லாம் இல்ல. உடம்பு பழகிட்டுன்னு நெனச்சேன். வலிதான் உயிர் போவுது."

சுடலைக்கண்ணு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசைமேல் இருந்த, மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோல் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இது யாருக்கு?"

"இவுகளுக்குத்தான். வயசாவுதுல்லா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா..." சொல்லும்போதே இன்பமணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஷரீபா பீவி நோம்பு பிடிப்பாங்களா?"

"ஒரு நாள் விடமாட்டா."

"பெருநாளுக்கு முந்தின நாளும் நோம்புதான். அன்னைக்கு மத்தியானம் தண்ணி குடிச்சான்னு சொல்லுத ஆளு, நோம்பையே மறந்துட்டாரு. ஆனா முடியாதவங்க நோம்பை விடலாம். அத மட்டும் வச்சு நான் பேசல. மாத்திரை எங்க போவுதோ அங்கதான் அதோட தொல்லையும் போவும். டீச்சரை விட்டுப் போன வறட்சி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் இந்த வீட்டைத் தாண்டலயே. கொஞ்சம் எந்திரிங்க சார்."

தேவசிகாமணி இரு கைகளையும் ஊன்றித் தலைசுற்றலோடு எழுந்தார். வலது முழங்கால் தாங்கவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் அதே வலிதான் இன்பம். டாக்டர்ட்ட போனா அறுக்கணும்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில நீ கெடந்த கெடையப் பாத்த பெறகு..."

"ராத்திரியெல்லாம் நான் கத்துனேன்," என்றாள் இன்பமணி. "நீங்க பக்கத்துல தூங்குனீங்க. என் மாத்திரையில."

அவர் தலை நிமிரவில்லை. 

"நாளைக்கே ரெண்டு பேரும் டாக்டரைப் பாருங்க," என்றார் சுடலைக்கண்ணு. "சார், மாத்திரைய நீங்களா சட்டுனு நிறுத்திராதீங்க."

இன்பமணி போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே குரல் வந்தது.

"டீச்சரம்மா? கால் எப்படி இருக்கு? நடக்கியளா?"

"ஷரீபா, உன்னைத் திருடின்னு சொல்லிட்டேன். எடுத்தது இவுக."

மறுமுனையில் ஷரீபா பீவி குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்மா. அன்னைக்கு அடுக்களையில மாத்திரை போட்டது அவுகதான். நான் பாத்துட்டேன்னு அவுகளுக்கும் தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியளா?"

இன்பமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.