லிஃப்டுக்குப் பக்கத்து இடம்

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், தரையில் சக்கர நாற்காலி வரைந்திருந்த பார்க்கிங் இடத்துக்குக் குறுக்கே சங்கிலி தொங்கியது. அதன் முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மூன்றாம் மாடி இன்ஜினியர். இரண்டு கால்களும் செயலிழந்தவள். கையாலேயே பிரேக்கும் வேகமும் பிடிக்கும்படி மாற்றிய கார் அது.

“என்ன சார் இது?”

பாதுகாப்பு அதிகாரி சங்கிலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். போலீசிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் கட்டிடத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரைப் பூதக்கண்ணாடி என்றார்கள்.

“யாரோ நிர்வாகத்துக்கு பேர் சொல்லாம போன் பண்ணியிருக்காங்க. நீங்க நல்லா நடக்கிறீங்களாம். நேத்து சாயங்காலத்து கேமராவைப் பாக்கச் சொன்னாங்க.”

அந்தப் பதிவை அவர் பார்த்துவிட்டார். இதே கார் மூக்கை நீட்டிக்கொண்டு நேராக உள்ளே நுழைகிறது. இடது பக்கம் மஞ்சள் கோடு போட்ட அகலமான காலி இடம். வலது பக்கம் சுவர். சுவர்ப் பக்கத்து டிரைவர் கதவு பாதி திறக்க, மெரூன் மழைக்கோட்டுக்காரி ஒருத்தி ஒருக்களித்துப் பிதுங்கி இறங்கி, விறுவிறுவென்று லிஃப்டுக்கு நடக்கிறாள். கோட்டுத் தொப்பி முகத்தை மூடியிருந்தது.

உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்ததும் அவருக்கு உள்ளூர ஒரு குஷி. தேய்ந்த முழங்காலோடு கடைசித் தூணிலிருந்து தினமும் நொண்டி வருகிறவர் அவர். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரியும். அதனாலேயே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

“நேத்து மாத்திரை போட்டுப் படுத்துட்டேன். வண்டி வீட்டு வாசல்ல நின்னுச்சு.”

“அந்த மெரூன் மழைக்கோட்டு?”

“எப்பவும் கார்லயே கிடக்கும். மாத்துச் சாவி ஆபீஸ் டிராயர்ல இருக்கும். அதைப் பூட்டுறதில்ல.”

“சாயங்காலம் முடிவு சொல்வாங்க. அதுவரைக்கும் வேற எங்கயாவது நிறுத்துங்களேன்.”

“வேற எங்கயும் கதவை முழுசாத் தொறக்க முடியாது சார். நாற்காலிய இறக்க முடியாது. இந்த இடம் போச்சுன்னா என் வேலையும் போச்சு.”

அவர் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அவள் காரை நிறுத்துவதைப் பார்க்கப் பிடிக்காமல் மாடியேறிப் போனார்.

முதலில் மாட்டியவர் விற்பனை மேலாளர்.

“அந்த இடத்துல உங்க காரை நிறுத்தி எத்தனை தடவை மாட்டிக்கிட்டீங்க?”

“அஞ்சு நிமிஷம் நிறுத்துறது ஒரு குத்தமா?”

“உங்க அஞ்சு நிமிஷம் மத்தியானம் வரைக்கும் நீளுமே.”

“சரி, வயித்தெரிச்சல்தான். உங்களுக்கு இல்லையா? நான் வண்டி நிறுத்துற இடத்துலருந்து பாத்தா நேரா தெரியும். தினமும் அந்தம்மா ரிவர்ஸ்ல வந்து, கோடு போட்ட பக்கம் கதவை விரியத் தொறந்து, நாற்காலிய மாட்டி இறங்குவாங்க. அந்த அகலத்துல என் வண்டி ஒண்ணரை நிக்கும்!”

“உங்க வீட்டம்மா கார் ஓட்டுவாங்களா?”

“ஓட்டுவாங்க. அதுக்கென்ன இப்போ?”

அடுத்து வரவேற்பு மேசை. அங்கே இருந்தவள் இன்ஜினியரின் தங்கை.

“தினமும் அக்கா கூடத்தான் வருவியாம்மா?”

“ஆமா சார். வாசல்லயே இறக்கி விட்டுட்டு அவ கீழ போயிடுவா. சாயங்காலமும் வாசல்லதான் ஏத்திப்பா. அந்த இருட்டுக்குள்ள எனக்கு என்ன வேலை?”

“நேத்து எங்க இருந்தே?”

“சினிமாவுக்குப் போனேன். நீங்க கவலப்படாதீங்க, அவளுக்கு ஒண்ணுன்னா எல்லாரும் ஓடி வருவாங்க. இதுவும் சரியாயிடும்.”

பூதக்கண்ணாடி கீழே இறங்கினார். முதல்முறையாக அந்தக் காரின் எதிரில் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு பதிவை மறுபடி போட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் நிர்வாகியின் அறையில் மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

“காலைலேர்ந்து கார் எப்படி நிக்குது? பின்பக்கம் உள்ள, முன்பக்கம் வெளிய. அப்பத்தான் டிரைவர் கதவு கோடு போட்ட பக்கம் வரும், நாற்காலி இறங்கும். நேத்து கார் நேரா நுழைஞ்சிருக்கு. இவ்வளவு இடம் காலியா இருக்க, ஓட்டினவங்க சுவத்துல உரசிக்கிட்டு இறங்கறாங்க. தினமும் ரிவர்ஸ் எடுத்த கை நேத்து மட்டும் மறந்திடுமா?”

“அப்ப இவரா?” என்று நிர்வாகி மேலாளரைப் பார்த்தார்.

“இவர் தினமும் பாத்துப் பாத்து வெந்தவர். வீட்டம்மாவை அனுப்பியிருந்தாலும் ரிவர்ஸ்ல விடச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். இதைச் செஞ்சவங்களுக்குச் சாவி தெரியும், கோட்டு தெரியும். கார் நிக்கிற விதம் மட்டும் தெரியாது. தினமும் அதே கார்ல வந்தும், அது நிக்கிறதை ஒரு நாளும் பாக்காத ஆள் ஒருத்தர்தான்.”

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

“ஆமா, நான்தான்!” அவள் எழுந்து நின்றாள். “அவளுக்குத் தனி கார், தனி இடம். இப்ப பதவி உயர்வும் அவளுக்கே. நான் ஓடி ஜெயிச்ச கப்பெல்லாம் பரண்ல கிடக்கு. நான் முதமுதல்ல நடந்த நாள் வீட்டுல ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. அவ நாற்காலில உக்காந்த நாள் எல்லாருக்கும் மனப்பாடம்.”

நிர்வாகி சங்கிலியை ஒரேயடியாக எடுத்துவிடச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா திட்டப் போகிறாள், குறைந்தது அழவாவது போகிறாள் என்று பூதக்கண்ணாடி காத்திருந்தார்.

“அந்தப் பதிவை நான் இன்னும் பாக்கல சார். போடுங்க.”

போட்டார். மெரூன் கோட்டு காரிலிருந்து இறங்கி லிஃப்டுக்கு நடந்தது. அக்கா நாற்காலியை நகர்த்தித் திரைக்கு அருகே போனாள்.

“என் கார், என் கோட்டு. நானே நடந்து போற மாதிரி இருக்குடி,” என்றாள். “உனக்கு ஒரு பார்க்கிங் இடத்து மேலதான் பொறாமை. எனக்கு, காலைல நீ கட்டில்லருந்து எழுந்திரிக்கிறதைப் பாத்தாலே பொறாமை. தினமும்.”

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு தடவ போடுங்க சார்,” என்றாள் அக்கா.