கத்திரிக்குப் பிறகு

2178 மார்ச் 27, கரூர். பகல் பன்னிரண்டரை மணிக்கு வெப்பம் இருபத்தொன்பது டிகிரி. அமராவதி ஆற்றில் தண்ணீர் ஓடி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த இருபத்தொன்பதுக்குக் காரணம், இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருந்த வெயில்திரை. காகிதத்தைவிட மெல்லிய கோடிக்கணக்கான இதழ்கள், குமரிமுனையிலிருந்து கோதாவரி வரை. மார்கழியில் சூரியன் தென்புறம் சாயும்போது இதழ்களும் தெற்கே சாய்ந்தன. சித்திரையில் அது உச்சந்தலைக்கு வரும்போது மட்டமாகப் படுத்தன. பிறகு அதன் பின்னாலேயே வடக்கே திரும்பின. சூரியன் ஆண்டு முழுவதும் வானில் போய்வரும் பாதையில் ஒரு நாள்கூடத் தவறாமல் அவையும் போய்வந்தன. வெயிலில் பாதியை வந்த வழியே திருப்பி அனுப்பின.

திரை வந்த பிறகு குளிரூட்டி செய்யும் ஆலைகளை மூடினார்கள். வீடுகளைத் தகட்டால் கட்டினார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடை என்றால் பள்ளி விடுமுறைதான்.

மழையைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. நிலம் வெயிலில் காய்ந்து சூடேறினால்தான் கடற்காற்று உள்ளே வரும். காயாத நிலத்துக்கு அது வரவில்லை. தென்மேற்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து, பிறகு நின்றது.

ஆகவே திரையைச் சிறிது காலம் திறந்துவைப்பது என்று வெயில்திரை வாரியம் முடிவு செய்தது. எப்போது திறப்பது என்பதற்குத்தான் அன்று கரூர் தலைமையகத்தில் கூட்டம்.

“அம்மிணி, தொறக்க வேண்டாமுன்னு நாங்க சொல்லல. கத்திரி முடியட்டுமுன்னுதான் சொல்றோம்,” என்றார் மாவட்ட மன்றங்களின் சார்பில் வந்திருந்த மாராத்தாள்.

“கத்திரி வெயில நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார் தலைமைப் பொறியாளர் தேனருவி.

“பேயக்கூடத்தான் நான் பாத்ததில்ல. அதுக்காவ ராத்திரி சுடுகாட்டுல போய் படுத்துக்கறதுங்களா?”

அறை சிரித்தது. அக்கினி நட்சத்திர நாட்களை அங்கே இருந்த பலர் உடம்பால் அறிந்ததில்லை. ஆனால் நாட்காட்டி அதை ஆண்டுதோறும் சிவப்பில் அச்சிட்டது. அந்த நாட்களில் யாரும் கிணறு வெட்டவில்லை, வீட்டுக்குக் கடைக்கால் போடவில்லை. திரையைத் திறக்க மட்டும் எப்படி ஒப்புவார்கள்?

“சூரியன் நம்ம உச்சிக்கு வர்றது சித்திரை மொத வாரத்துலீங்க,” என்றார் தேனருவி. “அப்பவே தொறக்கோணும். சூரியன் தெக்க திரும்பறதுக்குள்ள நெலம் நாப்பது நாளாவது காஞ்சாத்தான் காத்துத் திரும்பும்.”

“வைகாசி பாதியில கத்திரி முடியுது. அதுக்கப்புறமும் நாப்பது நாளுக்கு மேல இருக்குதுல்லீங்க? ஆடி பொறக்கற வரைக்கும் சூரியன் வடக்கதானே போகுது. உத்தராயணமாச்சே!”

தேனருவி வாயைத் திறந்தார்.

சூரியன் தெற்கே திரும்புவது ஆனி முதல் வாரத்தில். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து அந்தத் திருப்பத்தை ஆடி முதல் நாளில் குறிக்கிறது. நூற்றாண்டுகளில் அது உண்மையான திருப்பத்திலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம் நழுவிவிட்டது. கத்திரி முடிந்து திறந்தால் கைக்குக் கிடைப்பது மூன்று வாரம். ஊர் வேகும், மழை வராது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தேனருவியின் கணவர் நல்லசிவம் பதினொரு ஆண்டுகளுக்கு முன் வாரியத்தில் பழுது நீக்குபவராக இருந்தார். இதழ்க் கூட்டம் ஒன்று சிக்கித் திறந்துகொண்ட ஒரு பிற்பகலில் வெட்டவெளியில் அகப்பட்டார். அதன் பிறகு அவர் உடம்பு வியர்ப்பதில்லை. முப்பத்தைந்து டிகிரியில் மயங்கிவிடுவார். கொடைக்கானல் குளிர்மனையில் அவருக்கு ஒரு படுக்கை உறுதியாகியிருந்தது, வைகாசி பத்தாம் தேதிக்கு. அதற்கு முன் எங்கும் இடமில்லை.

அன்று காலை அவர் சொல்லியிருந்தார்: “தேனு, எனக்காவத் தேதிய மாத்தீறாத.”

“வாய மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடிங்க மாமா.”

“வாய மூடிக்கிட்டு எப்புடிக் குடிக்கறது?”

தேனருவி இப்போது மாராத்தாளைப் பார்த்தார். “சரிங்க. கத்திரி முடிஞ்சே தொறந்துக்கலாம்.”

கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் துணைப் பொறியாளர் குணவேல் வந்தான். “அக்கா, அவங்க ஆடின்னு சொன்னப்ப நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?”

“நீயும் அங்கதான இருந்த. நீ ஏன் சொல்லல?”

குணவேலின் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருந்தது.

வைகாசி பத்தாம் தேதி நல்லசிவத்தைக் கொடைக்கானலில் சேர்த்தார்கள். இரவே அழைத்தார். “கம்பளி குடுத்திருக்கறாங்க தேனு. குளுருது. சிரிக்காத.” தேனருவி சிரித்தார்.

மே 31 அன்று இதழ்கள் சூரியனுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பின. முதல் நாள் தெருவெல்லாம் திருவிழாவாக இருந்தது. மூன்றாம் நாள் தகட்டு வீடுகளிலிருந்து பிணங்களை எடுத்தார்கள். பள்ளிகளை மருத்துவமனைகளாக்கினார்கள். நாற்பத்தேழு டிகிரியிலும் ஊர் பொறுத்துக்கொண்டது. மழை வரப்போகிறது என்ற நம்பிக்கை இருந்தது.

ஆனி முதல் வாரத்தில் சூரியன் தெற்கே திரும்பியது. வாரியத்தில் இருவர் அதைக் கணினித் திரையில் பார்த்தார்கள். காற்று திரும்பவில்லை.

மாராத்தாள் தொலைபேசியில் வந்தார். அவர் தம்பி இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. “ஆடி பொறக்கட்டும் அம்மிணி. காத்து மாறிப்போகும். இப்பப் போய் மூடீறாதீங்க, பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்.”

மூடுவதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மார்ச் மாதத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். “சரிங்க,” என்றார் தேனருவி.

ஜூலை இரண்டாம் வாரத்தில் கொடைக்கானலிலிருந்து தகவல் வந்தது. மழை இல்லாமல் மலையின் நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன. குடிக்கவே தண்ணீரில்லை; குளிர்மனையின் இயந்திரங்களும் ஓடாது. நோயாளிகள் அனைவரையும் மறுநாளே கீழே அனுப்புகிறார்கள்.

தேனருவி கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். “மூடு. எல்லாத்தையும் மூடு.”

“தொறந்த மாதிரி ஒரே நாள்ல மூட முடியாது, எட்டு நாள் ஆகுமுங்க்கா,” என்றான் குணவேல். “வேகமாத் திருப்புனா கிழிஞ்சுரும். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். மூடு.”

ஜூலை 14 பிற்பகல் இரண்டு மணிக்கு, வத்தலக்குண்டுக்கு அருகே, அவசர ஊர்தியில் நல்லசிவம் இறந்தார். வெளியே நாற்பத்தொன்பது டிகிரி. திரை மூடும் பணி ஜூலை 21 அன்று நிறைவடைந்தது. அந்த ஆண்டு காவிரிப் படுகையில் தென்மேற்குப் பருவமழை பெய்யவில்லை.