நெல்லுக்கு அடியில் பெருக்கிய சாலை

"நான் செஞ்ச வண்டிதான் எங்க சித்தப்பாவைக் கொன்னுடுச்சுன்னு சொல்றாங்க மேடம். உண்மையான்னு மட்டும் சொல்லுங்க."

துப்பறிவாளர் தஹ்மீனாவின் முன்னால் நின்றபடியே அழுதாள் பொறியாளர் எழில்மொழி. சாலையில் காயும் நெல்லை விட்டு விலகி, குப்பையை மட்டும் பெருக்கும் ஓட்டுநரில்லா வண்டி அவளுடைய ஆராய்ச்சி. அன்று காலை பூதலூர்ப் பக்கம் சோதனை ஓட்டம். வண்டி போய்வந்த சாலையில், நெல்லுக்கு நடுவே அவளுடைய சித்தப்பா காத்தான் இறந்து கிடந்தார். மாலைக்குள் அவளைக் கைது செய்துவிடுவார்கள்.

"வண்டியில கேமரா இருக்குமே!" என்றான் உதவியாளன் ஃபாஜில்.

"மெமரி கார்டு நிறைஞ்சிருந்துச்சு, மாத்தாம விட்டுட்டேன். எதையாவது பார்த்து விலகினா ஷெட்ல இருக்கிற எனக்கு பீப் அடிக்கும். அறுப்பு நேரம், ரோடு பூரா நெல்லு. ஓயாம அடிக்குதேன்னு சத்தத்தையும் நிறுத்திட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு, தஹ்மீனா மற்ற இருவரோடும் அந்தச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. உடலை எடுத்த இடம் மட்டும் நெல்லில்லாமல் ஆள் நீளத்துக்கு வெறுமையாகத் தெரிந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர் வைரக்கண்ணு தன் டிராக்டர் அருகே நின்றார்.

"விடியக்காலையே நெல்லைப் பரப்பிட்டேங்க. காத்தான் காவலுக்குப் படுத்தான். அப்புறம் அந்த வண்டி வந்து ஏறிடுச்சு. மழை வருது, நெல்லை அள்ளிக்கிறேங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்று தஹ்மீனா குனிந்தாள். உடல் கிடந்த இடத்தில் புழுதி ரத்தக் கறையோடு அப்படியே இருந்தது. சுற்றிலும் நெல்லைக் கையால் ஒதுக்கினாள். அடியில் சாலை சுத்தமாக இருந்தது. பிரஷ் தேய்த்த வளைவான கோடுகள் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

"ஃபாஜில், நெல்லு முதல்ல வந்திருந்தா அதுக்கு அடியில எப்படிப் பெருக்க முடியும்?"

"அப்ப நெல்லு பின்னாடி வந்தது!"

"ஆமா. வண்டி வந்தப்பவே காத்தான் இங்க விழுந்து கிடந்திருக்கார். அவரை விட்டு விலகிப் பெருக்கிட்டுப் போயிருக்கு. அதுக்கு அப்புறம்தான் அவரைச் சுத்தி நெல்லு. பழியை வண்டி மேல போடத்தானே வைரக்கண்ணு ஐயா, பொய் சொன்னீங்க?"

வைரக்கண்ணு டிராக்டரின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ரிவர்ஸ் எடுத்தேம்மா... பின்னால நின்னது தெரியல. பயந்து ஓடிட்டேன். அப்புறம்தான் நெல்லோட வந்தேன்."

போலீஸ் அவரை அழைத்துப் போனது. எழில்மொழி நகரவில்லை.

"வண்டி விலகினப்ப... சித்தப்பாவுக்கு உயிர் இருந்துச்சா மேடம்?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைத் தஹ்மீனா மறைக்கவில்லை. "இருந்திருக்கும்மா. ரொம்ப நேரம் ரத்தம் போயிருக்கு."

முதல் மழைத்துளி புழுதியில் விழுந்தது.

"அப்ப அது சித்தப்பாவைப் பார்த்து என்னைக் கூப்பிட்டிருக்கு. நான்தான் சத்தத்தை நிறுத்தி வச்சிருந்தேன்" என்றாள் எழில்மொழி.